நால்வர் சேர்ந்து ஊத ஒரு மர ரெக்கார்டர்: மறுமலர்ச்சிக் கால வகையைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரெக்கார்டர் என்பது குழுவாகச் செய்து, குழுவாக விற்று, குழுவாக வாசித்த வாத்தியம். சிறியதும் பெரியதுமாக நான்கைந்து குழல்கள் சேர்ந்த அந்தக் குழுவுக்குக் கன்சார்ட் என்று பெயர். சிறியதிலிருந்து பெரியதாக, குழல் அளவுகளின் பெயர்கள் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். அப்படி ஒரு குழுவில் சேர்ந்து வாசிக்க, அல்லது தாங்களே ஒரு குழுவைத் தொடங்க, முதல் மரக் குழலை வாங்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. கேள்வி எதுவானாலும் என் பதில் ஓரிடத்தில்தான் வந்து நிற்கும்: இந்தக் குழலைத் தனியாக ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தக் குழல்களோடு அது சேர்ந்து ஒலிக்கப் போகிறதோ அவற்றின் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

பள்ளியில் வாசித்த ரெக்கார்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒலி பிறக்கும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். நம் புல்லாங்குழலில் உதட்டால் காற்றைத் துளையின் விளிம்புக்குத் திருப்புகிறோம். ரெக்கார்டரில் அந்த வேலையை வாய்ப்பகுதிக்குள் செருகிய ஒரு மரக்கட்டை செய்துவிடுகிறது. கட்டைக்கு மேலே உள்ள மெல்லிய பாதை வழியாகக் காற்று போய் ஒரு கூரிய விளிம்பில் மோதுகிறது.

வித்தியாசம் உள்துளையில் இருக்கிறது. பள்ளிக் குழல், மறுமலர்ச்சிக்கு அடுத்து வந்த பரோக் காலத்து வடிவத்தின் வழிவந்தது. அதன் உள்துளை தலையில் அகலமாகத் தொடங்கிக் காலுக்குப் போகப் போக நன்றாகக் குறுகும். அதனால் இரண்டு ஸ்தாயிக்கும் மேலே சுலபமாக ஏறலாம், ஆனால் கீழ் ஸ்வரங்கள் மெலிந்திருக்கும். மறுமலர்ச்சிக் கால வகையில் உள்துளை அகலமானது, குறுகலும் குறைவு. விரல் துளைகள் பெரியவை, காற்று வெளியேறும் சாளரமும் அகலமானது. கீழ் ஸ்வரங்கள் பருத்து, நிறைந்து ஒலிக்கும். மேலே ஒரு ஸ்தாயியும் ஆறு ஸ்வரமும் வரைதான் வசதியாகப் போகும்.

இந்த எல்லையைக் குறை என்று நினைக்க வேண்டாம். இந்தக் குழல்கள் வாசித்ததில் பெரும்பகுதி பாட்டுக்கு எழுதிய இசை, அல்லது பாட்டின் வீச்சுக்குள் அடங்கும் நடன இசை. ஒரு குரல் பொதுவாகப் போகும் தூரம் அவ்வளவுதான். நான்கு குரல் கோத்த இசையில் ஒவ்வொரு குரலும் தன் கீழ்ப் பகுதியில் தெளிவாகக் கேட்டாக வேண்டும். பரோக் குழலில் அது நடக்காது.

என்னிடம் நல்ல பரோக் மர ஆல்டோ இருக்கிறதே. அதையே கொண்டுவரலாமா?

கற்றுக்கொள்ளும் காலத்தில் கொண்டுவாருங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் மற்ற மூவரும் அகலத் துளைக் குழல் வைத்திருந்தால், உங்கள் குழல் மேல் ஸ்வரங்களில் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும், கீழ் ஸ்வரங்களில் காணாமலே போய்விடும். மூச்சை அடக்கிச் சரிசெய்யப் பார்த்தால் சுருதி இறங்கும்.

முதலில் எந்த அளவை வாங்குவது? ஆல்டோதானே?

டெனர். எல்லாரும் ஆல்டோவை நோக்கியே போவார்கள், அது கைக்கு அடக்கம், விலையும் குறைவு. ஆனால் கன்சார்ட்டின் கட்டமைப்பைப் பாருங்கள்.

1511இல் பாசல் நகரில் செபாஸ்தியான் விர்துங் வெளியிட்ட வாத்திய நூல்தான் ரெக்கார்டர் பற்றி அச்சில் வந்த முதல் பாடம். அதில் அவர் காட்டுவது மூன்று அளவுகள்: மேற்கத்திய ஸ்வரப் பெயரில் சொன்னால், மிகக் கீழ் ஸ்வரம் எஃப்-இல் தொடங்கும் பாஸ், சி-யில் தொடங்கும் டெனர், ஜி-யில் தொடங்கும் மேல்குழல் (இன்று ஆல்டோ). நான்கு குரல் இசைக்கு ஒரு பாஸ், இரண்டு டெனர், ஒரு மேல்குழல். நடுவில் உள்ள இரண்டு குரல்களையும் ஒரே அளவுக் குழலே ஏற்கிறது.

அதாவது நான்கு பேர் கொண்ட குழுவில் இருவர் டெனர். ஐந்து பேரானால் பெரும்பாலும் மூன்றாவது டெனர் சேரும். எந்தக் குழுவுக்குப் போனாலும் உங்களுக்கு இடம் இருக்கும். கற்றுக்கொள்ளவும் நடுக்குரல் நல்ல இடம். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பக்கமும் கேட்டு வாசிக்கப் பழகிவிடுவீர்கள்.

குழுவில் ஏற்கெனவே டெனர்கள் இருந்து பாஸ் இல்லை என்றால், பணம் இருப்பவர் பாஸ் வாங்கட்டும். கன்சார்ட்டின் சுருதி பாஸின் மேல்தான் உட்காருகிறது, நல்ல பாஸ் இல்லாத குழுவில் மற்ற குழல்கள் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. சோப்ரானோ கடைசி. நான்கு குரல் கன்சார்ட்டுக்கு அது தேவையே இல்லை.

ஆல்டோ ஜி-யில் வேண்டுமா, எஃப்-இல் வேண்டுமா? கடையில் எஃப்தான் கிடைக்கிறது.

இன்றைய வழக்கில் ரெக்கார்டர் குடும்பம் சி, எஃப், சி, எஃப் என்று மாறி மாறி வரும். பழைய கன்சார்ட் அப்படி இல்லை. ஒவ்வொரு குழலும் அடுத்ததிலிருந்து ஒரு பஞ்சமம் தள்ளி நிற்கும்: எஃப் பாஸ், அதன் பஞ்சமமான சி-யில் டெனர், அதன் பஞ்சமமான ஜி-யில் ஆல்டோ.

இதற்குக் காரணம் குரல்களின் வீச்சு. ஒரு ஸ்தாயியும் ஆறு ஸ்வரமும் என்ற அளவை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். எஃப் பாஸ் மேல் டி வரை போகும், சி டெனர் மேல் ஏ வரை, ஜி ஆல்டோ மேல் இ வரை. அந்தக் காலத்துப் பாடகர் குழுவில் கீழ்க்குரல், நடுக்குரல், மேல்குரல் மூன்றின் வழக்கமான எல்லைகளும் இவைதான், குழல்கள் மட்டும் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அகலத் துளை எஃப் ஆல்டோவை மேல்குரலுக்கு வைத்தால் வசதியான எல்லை டி-யோடு நின்றுவிடும். பாட்டில் அடிக்கடி வரும் அந்த இ-யைத் தொட ஒவ்வொரு முறையும் திணற வேண்டியிருக்கும்.

எனவே ஜி. எஃப் விரல்பிடிப்பில் பழகியவருக்கு முதலில் குழப்பமாக இருக்கும். டெனர் விரல்பிடிப்பை ஒரு பஞ்சமம் மேலே தள்ளி நினைத்துக்கொள்வது சிலருக்கு எளிது. ஜி-யைத் தனிக் குழலாகவே வைத்துப் புதிதாகப் படிப்பது வேறு சிலருக்கு எளிது. தினமும் வாசித்தால் எந்த வழியிலும் வந்துவிடும்.

440, 442, 415, 466: எந்தச் சுருதியில் வாங்குவது?

இந்த எண்கள் ஏ ஸ்வரத்தின் அதிர்வெண், ஹெர்ட்ஸில். இதைக் குழுவாக உட்கார்ந்து முடிவெடுங்கள். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு வேறு சுருதியில் வாங்கினால் அந்தக் குழல் பெட்டியிலேயே கிடக்கும்.

415 என்பது இன்றைய பரோக் குழுக்களின் சுருதி, நமக்குச் சம்பந்தமில்லை. 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகரத்துக் காற்றுக் கருவிகளின் சுருதி இன்றையதைவிட ஏறக்குறைய அரை ஸ்வரம் மேலே இருந்தது. இன்று அதை 466 ஹெர்ட்ஸ் என்று வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருதிக் குழல்கள் கொஞ்சம் குட்டையானவை, துளைகள் நெருங்கி வரும், கைக்கு இதம். கார்னெட், சாக்பட் போன்ற பழைய காற்றுக் கருவிகள் வாசிக்கும் பழையிசைக் குழுக்களோடு சேரப் போகிறீர்கள் என்றால் 466 சரி. நண்பர்களோடு வாசிக்க, கிதாரோ பியானோவோ எப்போதாவது கூட வரும் என்றால் 440. தொழிற்சாலைக் குழல்களில் 442 பரவலாக இருக்கிறது. 440 குழுவில் அது பெரிய தொல்லை தராது, ஆனால் நால்வரும் 442 என்றால் இன்னும் நல்லது.

ஒரே துண்டாகச் செய்த குழலா, இரண்டாகக் கழலுவதா?

பழைய சிறு குழல்கள் ஒரே மரத்தில் ஒரே துண்டாகக் கடைந்தவை. பார்க்க மிக அழகு, ஆனால் சுருதியை மாற்ற வழியில்லை. இந்தச் சங்கடம் அன்றைக்கே இருந்தது. 1619இல் ஜெர்மன் இசையமைப்பாளர் மிக்கேல் பிரட்டோரியுஸ் வாத்தியங்கள் பற்றி எழுதும்போது, தலைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவில் குழலை வெட்டி, இழுத்து நீட்டும்படி செய்துகொள்ளலாம் என்கிறார். இரண்டு துண்டையே வாங்குங்கள். இழுப்பதற்கும் ஓர் அளவு உண்டு: தலையை இழுக்க இழுக்க, எல்லாத் துளைகளையும் திறந்து வாசிக்கும் ஸ்வரங்கள் அதிகம் இறங்கும், மூடி வாசிக்கும் கீழ் ஸ்வரங்கள் குறைவாக இறங்கும். இரண்டு மில்லிமீட்டர் இழுத்தாலே குழலுக்குள் இருக்கும் இடைவெளிகள் கலையத் தொடங்குவதைக் கேட்கலாம்.

விரல்பிடிப்பு மாறுமா?

கீழ் ஸ்தாயியில் அதிகம் மாறாது, மேல் ஸ்தாயியில் சில ஸ்வரங்கள் மாறும். பள்ளிக் குழலில் காணும் இரட்டைத் துளைகள் இதில் இருக்காது, அடி ஸ்வரத்துக்கு மேலுள்ள அரை ஸ்வரத்துக்கு விரலைச் சரித்துப் பாதி மூட வேண்டும். சில தயாரிப்பாளர்கள் பழைய வடிவத்தையே இன்றைய பரோக் விரல்பிடிப்புக்கு ஏற்பத் திருத்திச் செய்கிறார்கள். இரண்டு வகைக் குழலையும் ஒரே மாலையில் வாசிப்பவருக்கு அது வசதி. கன்சார்ட்டுக்கென்றே வாங்குபவருக்குப் பழைய விரல்பிடிப்பைப் பரிந்துரைப்பேன். அதில் துளைகள் சுருதிக்குப் பொருத்தமான இடத்தில் உட்காரும், பாதி மூடும் வேலையும் குறையும். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், குழலோடு விரல்பிடிப்பு அட்டவணை வருகிறதா என்றும் பாருங்கள்.

பழைய படங்களில் ஒரு விஷயம் கண்ணில் படும்: அடித்துளை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு இருக்கும். எந்தக் கை கீழே வைத்து வாசிக்கிறீர்களோ அதற்கேற்ற துளையை வைத்துக்கொண்டு மற்றதை மெழுகால் அடைத்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை ஒன்பது துளைக் குழல் என்றே அழைத்தார்கள். இன்றும் சில கைவினைஞர்கள் இரண்டு துளையோடு செய்து தருகிறார்கள், இடக்கைக்காரர்களுக்கு அது வரம்.

சுருதி சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ட்யூனர் போதாதா?

போதாது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழல் வாங்குவதில் பாதி வேலை இதுதான்.

கைபேசியில் இருக்கும் ட்யூனர் செயலி ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் சி-க்கும் இ-க்கும் இடையே 400 செண்ட் (ஒரு செண்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). இரண்டு குழல்கள் உண்மையில் ஒன்றோடொன்று உறையும் காந்தாரம் 386 செண்ட், அதாவது அதிர்வெண்கள் 5க்கு 4 என்ற விகிதம். நம்மவர்களுக்கு இது பழகிய ஸ்வரம். நன்றாகச் சுருதி கூட்டிய தம்பூராவில், யாரும் மீட்டாமல் தானாகவே எழும்பும் அந்தர காந்தாரம் இதுவேதான். தம்பூராவோடு பாடிப் பழகிய காதுக்குக் கன்சார்ட் சுருதி பாதி பாடமாகிவிட்டது என்று சொல்வேன். 16ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த மீன்டோன் முறை, இந்தக் காந்தாரம் சுத்தமாக வரவேண்டும் என்பதற்காகவே பஞ்சமங்களை ஐந்து செண்ட் அளவுக்குச் சற்றே குறுக்கிக்கொள்கிறது.

இப்போது சோதனை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவர் டெனரில் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள சி-யை ஊதட்டும். மற்றவர் ஆல்டோவில் அதற்கு மேலுள்ள இ-யைச் சேர்க்கட்டும். நடுக்கம் இல்லாமல், நேரான மூச்சில். சில விநாடிகளில் இரண்டு குழலிலும் இல்லாத மூன்றாவது ஒலி ஒன்று காதுக்குள்ளேயே ரீங்கரிக்கத் தொடங்கும். இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அப்படிக் கேட்கிறது. சி 523 ஹெர்ட்ஸ், சுத்தமான இ 654 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 131. அது அதே சி-யின் இரண்டு ஸ்தாயி கீழ். மூன்று ஒலியும் ஒன்றாக அமர்ந்துவிடும். அதே இ-யை ட்யூனர் சொல்லும் 659இல் ஊதினால் வித்தியாசம் 136, கீழே கேட்கும் ஒலி சி-யைவிட அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறிப் பிசகி நிற்கும். மேலே ஐந்து ஹெர்ட்ஸ்தான் மாறியது, கீழே கசப்பு எவ்வளவு என்று நீங்களே கேட்பீர்கள்.

ஆல்டோ வாசிப்பவர் மூச்சை மெல்லக் குறைத்து இ-யை இறக்கிப் பார்க்கட்டும். அந்தக் கீழ் ஒலி வழுக்கிக்கொண்டு இறங்கி ஓரிடத்தில் பொருந்தும். கவனிக்க வேண்டியது இதுதான்: பொருந்தும் இடம் அந்தக் குழலின் இயல்பான மூச்சிலேயே வருகிறதா? வந்தால் அது கன்சார்ட்டுக்குச் செய்த குழல். அங்கே போவதற்குள் ஒலி வெளிறி உயிர் போகிறது என்றால், தனியாக எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்துப் பஞ்சமங்கள், பிறகு ஸ்தாயிகள். பாஸின் எஃப் மீது டெனரின் சி, அதன்மேல் ஆல்டோவின் ஏ. எஃப் மேஜர் கூட்டொலி இதில் முழுதாக உட்கார்ந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக இருக்கும். கடைசியாக ஒரே ஸ்வரத்தை எல்லாரும் சேர்ந்து ஊதுங்கள். அலை அலையாகத் துடிப்பு கேட்டால் யாருடைய குழல் விலகி நிற்கிறது என்று ஒவ்வொருவராக நிறுத்திக் கண்டுபிடியுங்கள்.

ட்யூனரைத்தான் நம்புவேன் என்பவர்கள் அதை மீன்டோன் முறையின் கால்-கோமா என்ற வகைக்கு மாற்றி, ஏ-யை ஆதாரமாக வையுங்கள். சி ஏறக்குறைய 10 செண்ட் மேலே, எஃப் 14 மேலே, இ 3 கீழே, சி ஷார்ப் 14 கீழே வரும். குழல் இந்த வரிசையை ஒட்டிப் போகிறதா என்று பார்க்கலாம். சோதனைக்கு முன் குழலைக் கையிலோ சட்டைக்குள்ளோ வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த குழல் இறங்கியே ஒலிக்கும்.

கானாசி ரெக்கார்டர் என்று ஒன்றைப் பெரிதாகப் புகழ்கிறார்களே?

புகழ் தகும், ஆனால் அது வேறு வேலைக்கான குழல். சில்வெஸ்ட்ரோ கானாசி 1535இல் வெனிஸில் வெளியிட்ட பாடநூலில், மற்றவர்கள் நிறுத்திய இடத்துக்கு மேலே இன்னும் பல ஸ்வரங்களுக்கு விரல்பிடிப்பு கொடுத்திருக்கிறார். வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பழைய ஜி ஆல்டோவை ஆதாரமாகக் கொண்டு, ஆஸ்திரேலியக் கைவினைஞர் ஃபிரெட் மார்கன் 1970களில் உருவாக்கிய வடிவம்தான் இன்று அந்தப் பெயரில் விற்கிறது. அடி விரிந்து, ஒலி உரக்கப் பாயும், மேல் ஸ்தாயிகளில் சுலபமாக ஏறும். அலங்காரம் நிறைந்த தனி வாசிப்புக்கு அற்புதமான குழல்.

நான்கு குரல் இசையில் அதே குணம் எதிராகத் திரும்பும். மேல்குரல் மட்டும் பளபளத்து மற்ற மூவரும் பின்னணி வாசிப்பவர்கள் ஆகிவிடுவார்கள். தனியாகவும் வாசிக்க வேண்டும், ஒரே குழல்தான் வாங்க முடியும் என்றால் வாங்கலாம். கன்சார்ட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

நால்வரும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கியே ஆக வேண்டுமா?

முடிந்தால், ஆம். மறுமலர்ச்சிக் காலத்தில் குழல்களை ஒரே பட்டறையில், ஒன்றோடொன்று பொருத்திச் செய்து, ஒரே பெட்டியில் வைத்து விற்றார்கள். பிரட்டோரியுஸ் எட்டு அளவுகளைச் சொல்கிறார். 21 குழல்கள் கொண்ட முழுத் தொகுதியை வெனிஸிலிருந்து சுமார் 80 தாலருக்கு (அக்கால வெள்ளி நாணயம்) வாங்கலாம் என்று விலையும் எழுதி வைத்திருக்கிறார். அதே வெனிஸிலிருந்துதான் பஸானோ சகோதரர்கள் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அரண்மனைக்கு 1540ஐ ஒட்டிக் குடியேறினார்கள். குழல் செய்யவும் தெரிந்த, வாசிக்கவும் தெரிந்த குடும்பம் அது. அவர்களைக் கொண்டு அமைந்த அரசவை ரெக்கார்டர் குழு தலைமுறைகளைத் தாண்டி நீடித்தது. ஹென்றி இறந்த 1547இல் எடுத்த சொத்துக் கணக்கில் 76 ரெக்கார்டர்கள் இருந்தன.

பொருத்திச் செய்வதன் பயன் மூச்சில் தெரியும். ரெக்கார்டரில் மூச்சின் அழுத்தம் கூடினால் சுருதி ஏறும். ஒரு குழல் கனமான மூச்சைக் கேட்க, இன்னொன்று மெல்லிய மூச்சிலேயே பேசினால், வாக்கிய முடிவில் நால்வரும் தணியும்போது சுருதி நாலு திசைக்குப் போகும். ஒரே பட்டறைக் குழல்கள் தணிந்தாலும் சேர்ந்தே தணியும்.

ஒரே நாளில் நான்கும் வாங்க யாருக்கும் வசதி வராது. முதலில் டெனர் ஒன்றை நல்ல தயாரிப்பாளரிடம் வாங்கிவிட்டு, அடுத்தடுத்த குழல்களை அதே வடிவத்தில், அதே சுருதியில் சேர்த்துக்கொண்டே போகலாம். பிறகு ஆர்டர் கொடுக்கும்போது முதல் குழலையும் கூடவே அனுப்பி, அதனோடு வைத்துச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். கைவினைஞர்கள் இதை விரும்பியே செய்வார்கள்.

எந்த மரம்?

மேப்பிள். சந்தேகம் இருந்தால் மேப்பிள். எடை குறைவு, ஒலி மிருதுவாகக் கலக்கும். பிளம், செர்ரி, பேரி போன்ற பழமரங்களும் நல்லவை. வியன்னா, வெரோனா, நியூரம்பெர்க் போன்ற இடங்களில் எஞ்சியிருக்கும் பழைய குழல்களைப் பார்த்தால் பாக்ஸ்வுட்டும் மேப்பிளும் பழமரங்களும்தான். பாக்ஸ்வுட் கனமும் விலையும் கூடியது, சிறு குழல்களுக்கு நன்றாக இருக்கும்.

உண்மையில் மரத்தைவிட உள்துளையின் அளவும் காற்றுப் பாதையை வெட்டிய கையும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. விற்பனையாளர் மரத்தின் பெயரை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னால், பேச்சை நிறுத்தி ஊதிப் பாருங்கள்.

ஈட்டி மரம், கருங்காலி வகைகள்?

அவை பரோக் தனி வாசிப்புக் குழல்களுக்குப் பொருந்தும், அங்கே கூர்மை தேவை. கன்சார்ட்டில் தேவையில்லை. தவிர, ஈட்டி இனம் முழுவதும் 2017 தொடக்கத்தில் சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. முடிவடைந்த இசைக் கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. இருந்தாலும் மேப்பிள் குழலோடு எல்லையைக் கடப்பது நிம்மதி.

என் கை சிறியது. டெனர் துளைகள் எட்டுமா?

நியாயமான கவலை. அகலத் துளைக் குழலில் விரல் துளைகள் பெரியவை, இடைவெளியும் கூடுதல். முதலில் கையில் பிடித்துப் பாருங்கள். விரல் நுனியால் எட்டிப் பிடிக்க முயலாமல், விரல்களைத் தட்டையாக நீட்டி நடுச் சதையால் மூடுங்கள். பலருக்கு அங்கேயே சரியாகிவிடும். சுண்டுவிரல் மட்டும் எட்டவில்லை என்றால், அடித்துளைக்குக் கீ (விரல் எட்டாத துளையை மூடும் உலோக நெம்புகோல்) வைத்த டெனர் கிடைக்கும். பழைய குழல்களிலும் பாஸுக்குக் கீ உண்டு. இருபக்கமும் சிறகு விரித்தது போன்ற பித்தளைக் கீ, எந்தக் கைக்கும் பொருந்தும். அதை மூடி, சிறு துளைகள் இட்ட பீப்பாய் வடிவ மரக் கூடு ஒன்று வரும். 466 சுருதி டெனரும் ஒரு வழி. வலியோடு வாசிக்கப் பழகிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கட்டைவிரல் மூட்டு போய்விடும்.

தொழிற்சாலைக் குழலா, கைவினைஞரிடமா?

ஜெர்மனியில் மோக், மோலன்ஹவர் இரண்டும் மறுமலர்ச்சி வகைக் குழல்களைத் தொழிற்சாலையில் செய்கின்றன. மோலன்ஹவரின் கைன்செக்கர் வரிசை, 17ஆம் நூற்றாண்டு நியூரம்பெர்க் கைவினைஞர் ஒருவரின் குழல்களைப் பின்பற்றியது. கண்டிப்பாகச் சொன்னால் மறுமலர்ச்சிக்கும் பரோக்குக்கும் நடுவில் நிற்கும் வடிவம், ஆனால் தொடக்கக் குழுவுக்கு மிக நல்லது. அதே நிறுவனம் அத்ரியானா பிரயூகிங்க் வடிவமைப்பில் செய்யும் ட்ரீம் வரிசை அகலத் துளையும் இன்றைய விரல்பிடிப்பும் சேர்ந்தது. குழந்தைகளோடு வாசிக்கும் குழுவுக்கு அதைத்தான் சொல்வேன்.

இவற்றின் சிறு குழல்கள் சில நூறு யூரோவுக்குள் அடங்கும். கைவினைஞர் செய்யும் ஆல்டோ ஆயிரத்தைத் தாண்டும், பாஸ் பல ஆயிரம். காத்திருப்பு மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ இருக்கும். ஆனால் மீன்டோன் சுருதி, பழைய விரல்பிடிப்பு, ஜி ஆல்டோ என்று கேட்டதைச் செய்து தருபவர்கள் அவர்களே. குழு நிலைத்து நிற்கும் என்று உறுதியான பிறகு அங்கே போங்கள்.

பழைய குழலை வாங்கலாமா?

தாராளமாக. தலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊதுவாய் வழியாகப் பாருங்கள். காற்றுப் பாதை நேராக, சுத்தமான மெல்லிய ஒளிக்கீற்றாகத் தெரிய வேண்டும். அதன் மறுமுனையில் அந்தக் கூரிய விளிம்பு மழுங்காமல், பல் விழாமல் இருக்க வேண்டும். விளிம்பு அடிபட்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், அதைச் சரிசெய்வது மிகக் கடினம். கட்டை தேய்ந்ததோ கறுத்ததோ கவலை வேண்டாம், அதைப் புதிதாகப் போடலாம். சாளரத்திலிருந்து கீழ்நோக்கி ஓடும் வெடிப்பையும், இணைப்பு வளையத்தில் உள்ள வெடிப்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களின் ஈரப்பதம் மரத்தைக் கெடுக்காதா?

ஈரத்தைவிட ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு, காரின் பின் இருக்கைக்கு என்று அலைக்கழித்தால் வெடிக்கும். ஈரமான ஊரில் பெரிய எதிரி பூஞ்சை. வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, துண்டுகளைக் கழற்றி, நிழலில் காற்றாட வையுங்கள். ஈரக் குழலை உடனே பெட்டிக்குள் பூட்டாதீர்கள்.

புதுக் குழல் வந்துவிட்டது. உடனே ஒத்திகைக்குக் கொண்டுபோகலாமா?

முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும், கீழ் ஸ்வரங்களிலிருந்து தொடங்கி. அடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். சீடர் மரக் கட்டை ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், அது நிலைக்கு வர அவகாசம் வேண்டும். இரண்டு மணி நேர ஒத்திகைக்குப் புதுக் குழலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அதுவரை குழுவில் யாராவது இரவல் தருவார்கள்.

மெழுகு ஏற்றிய மேப்பிள் குழலுக்கு எண்ணெய் வேண்டாம். மெழுகு ஏற்றாததற்கு, குழல் முழுதும் காய்ந்திருக்கும் நாளில், உள்துளையில் மட்டும் மெலிதாக ஆளிவிதை எண்ணெயோ பாதாம் எண்ணெயோ தடவலாம். கட்டையிலும் காற்றுப் பாதையிலும் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. உங்கள் குழல் எந்த வகை என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில மாதம் வாசித்த பிறகு ஒலி கரகரத்தாலோ, கீழ் ஸ்வரங்கள் தயங்கித் தயங்கி வந்தாலோ பயப்பட வேண்டாம். கட்டை ஊதிக் காற்றுப் பாதை குறுகியிருக்கும். செய்தவரிடமே அனுப்பிச் சீவித் தரச் சொல்லுங்கள். அனுப்பும்போது எந்தச் சுருதியில், எந்தக் குழல்களோடு வாசிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.